ஏழாம் கவுன்ட்டரில் இரண்டு எடைக்கற்கள்

கல்லக்காவின் பெட்டியில் துணி ஐந்து கிலோ, எடைக்கல் பத்து கிலோ. மீதி, பெட்டியின் சொந்த எடையும் ஸ்பேனர், ஸ்க்ரூடிரைவர் வகையறாவும் தங்கைக்கென்று வாங்கிய முழங்கால் உறைகளும். எல்லாம் சேர்ந்து இருபத்திரண்டு கிலோ எண்ணூறு கிராம். கூடத்தில் தன் சொந்தத் தராசில் மூன்று தடவை நிறுத்துப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைப் பூட்டினார். விமானக் கம்பெனி அனுமதித்தது இருபத்து மூன்று கிலோ. மிச்சமிருக்கும் இருநூறு கிராமுக்கு என்ன வைக்கலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது கணவர் கேட்டார்.

"முட்டி ஆபரேஷன் பண்ணின தங்கச்சியைப் பார்க்கப் போறியா, இல்ல அங்க போய் வீடு கட்டப் போறியா?"

"தங்கச்சி பையன் கடையில தராசு தகராறு பண்ணுதாம். கல்லு இல்லாம போய் நான் என்ன, மந்திரிச்சா விட முடியும்?"

"அந்த ஊர்ல கல்லு கிடைக்காதா?"

"கிடைக்கும். அது சரியான கல்லான்னு எதை வச்சுப் பார்க்கறது?"

கணவர் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவர். எந்த இடத்தில் பிரேக் போட வேண்டும் என்று தெரியும். பெட்டியைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

கடைவீதியில் அவருக்குக் கல்லக்கா என்று பேர் வந்து இருபத்தைந்து வருடம் இருக்கும். மளிகைக்கடை, மீன்கடை, நகைக்கடை, பழைய பேப்பர் கடை என்று எங்கே தராசு மக்கர் பண்ணினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பித்தளையில் வார்த்த ஐந்து கிலோ எடைக்கற்கள் இரண்டைத் துணிப்பையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு வருவார். கல்லை வைப்பார், எண்ணைப் பார்ப்பார், சரியில்லை என்றால் உதட்டைப் பிதுக்குவார். அந்த உதட்டுக்குப் பயந்த கடைக்காரர்கள் உண்டு.

தொழிலுக்கு வந்தது தற்செயல்தான். பத்தொன்பது வயதில் ஒரு தராசுப் பட்டறையில் பில் எழுதும் வேலைக்குச் சேர்ந்தார். அங்கிருந்த ஒரே மெக்கானிக் ஏதோ கல்யாணத்துக்கென்று லீவு போட்டுவிட்டுப் போனவர் திரும்பவே இல்லை. பழுதான தராசுகள் வாசல்வரை குவிந்தன. கல்லக்காவே ஒன்றைத் திறந்து பார்த்தார். ஆரம்பத்தில் சரிசெய்ததைவிடக் கெடுத்ததுதான் அதிகம். இரண்டு மாதச் சம்பளம் அதிலேயே கழிந்தது. மூன்றாவது மாதம் ஒரு தராசு சொன்னபடி நின்றது. அதன்பிறகு பில் எழுதத்தான் வேறு ஆள் தேட வேண்டியிருந்தது.

எடை அளவு அலுவலகத்தில் லைசென்சுக்கு விண்ணப்பித்தபோது அதிகாரி இரண்டு தடவை திருப்பி அனுப்பினார். "இருபது கிலோ கல்லைத் தூக்கணும்மா. பொம்பளைங்க வேலை இல்ல இது" என்றார். மூன்றாவது தடவை கல்லக்கா விண்ணப்பத்தை வாயில் கவ்விக்கொண்டு, கைக்கு ஒன்றாக இருபது கிலோ இரும்புக்கல் இரண்டைத் தூக்கிக்கொண்டு முப்பத்தாறு படி ஏறினார். இரண்டையும் அதிகாரியின் மேஜைமேல் வைத்தார். மேஜைக் கண்ணாடி விரிசல் விட்டது.

"யாராவது இதைக் கீழ இறக்கி வைங்க சார். நான் ஃபாரத்தை நிரப்பறேன்" என்றார்.

அறையில் நாலு ஆண்கள் இருந்தார்கள். ஒருவரும் கல்லுக்குக் கிட்டே வரவில்லை. அந்த வாரமே லைசென்ஸ் வந்தது. கூடவே கண்ணாடிக்கான பில்லும் வந்தது. அதை இன்றுவரை அவர் கட்டவில்லை.

இன்னொரு சம்பவமும் கடைவீதியில் எல்லோருக்கும் தெரியும். காய்கறி மண்டி முதலாளி ஒருவர், சரக்கு வாங்கும் தராசின் அடியில் ஒரு ஸ்பிரிங்கைச் செருகி, மூட்டைக்கு நாலு கிலோ குறைத்துக் காட்ட வைத்திருந்தார். சும்மா எண்ணெய் போட்டுவிட்டுப் போகச் சொல்லித்தான் கல்லக்காவை அழைத்தார். மூட்டையோடு முப்பது பேர் நிற்கும்போது கல்லக்கா ஸ்பிரிங்கைப் பிடுங்கி எல்லோர் கண்ணிலும் படும்படி தராசின் தலைமேல் வைத்துவிட்டு வந்தார். எட்டு மாதம் அந்தத் தெருவிலிருந்து ஓர் அழைப்பு இல்லை. கணவர் சம்பளத்தில் அடுப்பு எரிந்தது. ஒன்பதாம் மாதம் முதலாளியே ஆள் அனுப்பினார். கல்லக்கா வந்து பார்த்தால்தான் மூட்டையை இறக்குவோம் என்று சரக்குக்காரர்கள் சொல்லிவிட்டார்களாம்.

அவர் எப்படிப்பட்ட ஆள் என்று இதிலிருந்து தெரியும். இனி விமானத்துக்கு வருவோம்.

தங்கை மகன் செலவு குறையுமென்று இரண்டு தனித்தனி டிக்கெட்டாக வாங்கியிருந்தான். ஒரு விமானம் நடு ஊர்வரை, அங்கிருந்து வேறு கம்பெனி விமானம். புறப்பட்ட இடத்தில் பெட்டியை வாங்கிக்கொண்ட பெண், "பெட்டி நேரா போய்ச் சேர்ந்துடும், நடுவுல நீங்க கவலைப்பட வேணாம்" என்றாள். அங்கேயும் எடை இருபத்திரண்டு எண்ணூறுதான் காட்டியது. கல்லக்காவுக்கு அந்தத் தராசின்மேல் மரியாதை வந்தது. ஆனால் எண்களைப் படித்தே பிழைத்த கண், கையில் கொடுத்த பெட்டிச் சீட்டையும் படித்தது. அதில் நடு ஊர் பெயர் மட்டும்தான் இருந்தது.

விமானத்தில் பக்கத்து இருக்கையில் ஒரு நர்ஸ். முதல் வெளிநாட்டு வேலைக்குப் போகிறாள். அவளுக்கும் இதே மாதிரி இரண்டு டிக்கெட், அதே அடுத்த விமானம். அவள் சீட்டிலும் அதே ஒற்றை ஊர்.

காலை ஆறரைக்கு நடு ஊரில் இறங்கினார்கள். அடுத்த விமானம் பதினொன்றுக்கு. கூட்டமெல்லாம் இணைப்பு விமானம் என்று எழுதிய அம்புக்குறியைப் பார்த்து நடந்தது. வழிகாட்டிக்கொண்டிருந்த சீருடைக்காரர் கல்லக்காவையும் அந்தப் பக்கமே கைகாட்டினார்.

"எங்க பெட்டி இங்கதான் இறங்கும்" என்றார் கல்லக்கா.

"அதெல்லாம் தானா மாறிடும்மா. நீங்க போங்க."

"சீட்டுல அப்படிப் போடலையே. நீங்க சொல்றதை இதுல எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. போறேன்."

சீருடைக்காரர் சீட்டை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது. குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டி எடுத்து, சுங்கம் தாண்டி, மேல்தளத்தில் மறுபடி பெட்டியைப் போட வேண்டும் என்று அப்போதுதான் சொன்னார்.

பெட்டிகள் வந்தன. சுங்கத்தில் இரண்டு வழி இருந்தது: சொல்ல ஒன்றும் இல்லாதவர்களுக்குப் பச்சை, இருப்பவர்களுக்குச் சிவப்பு. நர்ஸ் பச்சைப் பக்கம் திரும்பினாள். கல்லக்கா சிவப்புப் பக்கம் தள்ளுவண்டியைத் திருப்பினார்.

"அக்கா, அது கணக்குக் காட்ட வேண்டிய சாமான் வச்சிருக்கறவங்களுக்கு."

"என்கிட்ட இருக்கு. பச்சையில போய் மெஷின்ல மாட்டினா நான் முழிக்கணும். நானே போய்ச் சொன்னா அவங்க முழிப்பாங்க."

அப்படியேதான் ஆனது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றி வைத்திருந்த அதிகாரி, திரையில் தெரிந்த இரண்டு கறுப்புக் கட்டிகளைப் பார்த்து முழித்தார். பெட்டியைத் திறக்கச் சொன்னார். கற்களை எடுத்துத் திருப்பினார். அடியில் வட்டமாக வேறு நிறத்தில் ஓர் அடைப்பு இருந்தது.

"இது என்ன?"

"ஈயம் சார். கல்லைக் கொஞ்சம் குறைவா வார்த்து, குழியில ஈயம் ஊத்தி எடையைச் சரி பண்ணுவாங்க. மேல குத்தியிருக்கறது அரசாங்க முத்திரை. இந்தாங்க சான்றிதழ். நம்பரை ஒத்துப் பார்த்துக்கங்க."

"குழிக்குள்ள வேற எதையும் வைக்கலாம் இல்ல?"

"நினைச்சா உங்க தொப்பிக்குள்ளயும் வைக்கலாம்."

அதிகாரிக்குச் சிரிப்பு வரவில்லை. உதவியாளரைக் கூப்பிட்டுத் துளைபோடும் கருவியைக் கொண்டுவரச் சொன்னார். கல்லக்கா இரண்டு கற்களின்மேலும் இரண்டு உள்ளங்கைகளை வைத்துக்கொண்டார்.

"துளை போட்டா இது எடைக்கல் இல்ல சார், பித்தளைக் கட்டி. கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் ஆகும். நான் கையை எடுக்கப் போறதில்ல."

"நீங்க சுங்கத்துல நிக்கறீங்க மேடம்."

"அதனாலதான் சொல்றேன். இங்க தங்கம் பிடிப்பீங்க இல்ல? பிடிச்சா எதுல நிறுப்பீங்க?"

அதிகாரி பின்னால் இருந்த கண்ணாடிக்கூண்டைக் காட்டினார். உள்ளே தங்கம் நிறுக்கும் தராசு. முதல் கல்லை வைத்தபோது 5000.1 என்று காட்டியது. கல்லக்கா கைக்குட்டையை எடுத்தார்.

"நீங்க தொட்டுப் பார்த்தீங்க இல்ல, அந்த அழுக்கு" என்று துடைத்து வைத்தார். 5000.0. இரண்டாவதும் அதேதான்.

"முத்திரை உடையல. நம்பர் ஒத்துப்போச்சு. எடையும் ஒத்துப்போச்சு. இன்னும் துளை போடணுமா?"

அதிகாரி நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். தொழில் கருவி, வரி இல்லை, திரும்பிப் போகும்போது காட்ட வேண்டும் என்று ஒரு சீட்டு எழுதினார். தராசு காட்டிய எடையையும் அதில் எழுதச் சொன்னார் கல்லக்கா. எதற்கென்று கேட்காமல் எழுதி முத்திரை வைத்தார். சீக்கிரம் அனுப்பிவிட்டால் போதுமென்று ஆகிவிட்டது அவருக்கு.

மேல்தளத்துக்கு வந்தபோது மணி எட்டே முக்கால். நர்ஸ் முன்பே வந்து ஏழாம் கவுன்ட்டர் வரிசையில் நின்றவள், இப்போது வரிசைக்கு வெளியே தரையில் குந்தியிருந்தாள். பெட்டி வாயைப் பிளந்து கிடந்தது. உள்ளாடைகள் மேலே தெரியாதபடி ஒரு துண்டைப் போட்டு மூடிவிட்டு, கனமான பாடப் புத்தகங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஒன்றரை கிலோ கூடுதலாம் அக்கா. என் கார்டு இங்க வேலை செய்யல. தூக்கிப் போட்டுட்டு வான்னுட்டாங்க."

அவளைப்போல இன்னும் மூன்று பேர் தரையில் பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய குப்பைத்தொட்டி. அதற்குள் ஓர் இஸ்திரிப் பெட்டி, ஒரு குழந்தையின் ஷூ ஜோடி, பிரிக்காத சோப்புக் கட்டு, யாருடையதோ கம்பளிச் சட்டை. கல்லக்கா தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ஒருத்தர் இரண்டு பேர் கூடுதலாகக் கொண்டுவரலாம். வரிசையில் பாதிப்பேரா தப்பாக நிறுத்துக்கொண்டு வருவார்கள்?

தன் முறை வந்ததும் பெட்டியை வைத்தார். எண் 24.6.

"ஒரு கிலோ அறுநூறு கூடுதல்" என்றார் கவுன்ட்டர் இளைஞர். கழுத்தில் அட்டை தொங்க, தலை நிமிராமல் தட்டிக்கொண்டிருந்தார். "பணம் கட்டணும், இல்லேன்னா எடுக்கணும்."

"உங்க தராசு தப்பு."

"எல்லாரும் அதான் சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றாங்கன்னா நீங்க ஒரு தடவையாவது பார்த்திருக்கணுமே தம்பி."

பெட்டியை இறக்கினார். அங்கேயே பூட்டைத் திறந்தார். ஒரு கல்லை எடுத்து, தராசின்மேல் பெட்டிகளை நகர்த்தும் ஓடுபட்டையின் நடுவில் வைத்தார். 5.4. இரண்டாவதையும் வைத்தார். 10.8. உதட்டைப் பிதுக்கினார்.

"கிலோவுக்கு எண்பது கிராம் சேர்த்துக் காட்டுது. யாரோ பட்டையை மாத்திட்டு, சரியான கல்லு இல்லாம குத்துமதிப்பா செட் பண்ணிட்டுப் போயிருக்காங்க. ஆளைக் கூப்பிடுங்க."

பின்னாலிருந்து ஒருவர் நேரமாகிறது என்று முனகினார். கல்லக்கா திரும்பி, "உங்க பெட்டியும் இதுலதான் ஏறப்போகுது சார்" என்றார். முனகல் நின்றது.

கோட்டு போட்ட சூப்பர்வைசர் அம்மா வந்தார். நிதானமானவர், குரலை உயர்த்தாதவர்.

"நீங்க கொண்டுவந்த கல்லு சரின்னு நாங்க எப்படிம்மா நம்பறது?"

கல்லக்கா சுங்கச் சீட்டை நீட்டினார். "இதே கட்டடம். கீழ்த்தளத்துல அஞ்சு கிலோ, மேல்தளத்துல அஞ்சு கிலோ நானூறு. லிஃப்ட்ல வரும்போது கல்லு சாப்பிட்டுச்சா?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. சூப்பர்வைசர் சீட்டை இரண்டு தடவை படித்தார். கல்லக்கா குனிந்து, தராசின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சோதனைச் சீட்டைக் காட்டினார். அதன் கெடு முடிந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது.

"சரி. உங்க பெட்டியையும் அந்தப் பொண்ணு பெட்டியையும் அப்படியே எடுத்துக்கறோம். போதுமா?"

"போதாது."

"வேற என்ன வேணும்?"

"இந்தத் தராசை நிறுத்துங்க. பக்கத்துல இருக்கறதையும் பார்க்கணும். காலையிலேருந்து இதுல யாருக்கெல்லாம் கூடுதல் போட்டீங்களோ அவங்களுக்குத் திருப்பிக் கொடுங்க."

"அது உங்க வேலை இல்லம்மா."

"இருபத்தொன்பது வருஷமா அதுதான் என் வேலை."

சூப்பர்வைசர் காவலரை அழைத்தார். கதவளவு அகலமான ஆள் வந்தார். பட்டையில் இருக்கும் கற்களை எடுக்கும்படி அவருக்கு உத்தரவு. கைக்கு ஒன்றாக எடுத்தார். எங்கே வைப்பது என்று சுற்றுமுற்றும் பார்த்தார்.

"எடுத்ததுதான் எடுத்தீங்க, அப்படியே அந்த அஞ்சாம் கவுன்ட்டர்ல ஒண்ணை வைங்க" என்றார் கல்லக்கா.

காவலர் வைத்தார். 5.0. யாரும் சொல்லாமலே ஆறாம் கவுன்ட்டருக்குப் போய் வைத்தார். 5.0. எட்டாவதில் வைத்தார். 5.3. அவர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் கூரையைப் பார்த்தார்.

"போன மாசம் என் தங்கச்சி இந்த எட்டுலதான் கூடுதல் பணம் கட்டிட்டுப் போச்சு" என்றார் காவலர் மெதுவாக.

அதற்குப்பிறகு ஏழிலும் எட்டிலும் கயிறு கட்டி மூட வேண்டியதாயிற்று. நர்ஸ் புத்தகங்களையெல்லாம் திரும்ப அடுக்கி ஐந்தாவதில் பெட்டியை வைத்தாள். இருபத்திரண்டு எழுநூறு. முழுசாக உள்ளே போனது. தரையில் குந்தியிருந்தவர்களில் ஒருவர் எழுந்துபோய்க் குப்பைத்தொட்டிக்குள் கையை விட்டுத் தன் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டார்.

பணம் திருப்பும் விஷயம் மட்டும் நகரவில்லை. தலைமை அலுவலகத்துக்கு எழுதுங்கள் என்றார் சூப்பர்வைசர். கல்லக்கா அங்கேயே ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கினார். கூடுதல் எடைக்குப் பணம் கட்டி ரசீது வைத்திருந்த ஆறு பேரின் பெயர், டிக்கெட் எண், தராசு காட்டிய எடை எல்லாவற்றையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். நகலில் முத்திரை வேண்டும் என்றார். முத்திரை வேறொரு அறையில், அந்த அறையின் சாவி வேறொருவரிடம், அவர் எங்கேயோ. மணி பத்தே கால் ஆயிற்று. பெட்டி வாங்குவதை மூடப்போகிறார்கள் என்று நர்ஸ் ஓடிவந்தாள்.

"விட்டுட்டு வாங்கக்கா. நகல் இல்லேன்னா என்ன?"

"நகல் இல்லேன்னா நான் இங்க வரவே இல்லேன்னு சொல்லிடுவாங்க. நீ போ. நீ நாளைக்கு வேலையில சேரணும். எனக்கு அங்க ஒரு முட்டிதான் காத்துட்டிருக்கு."

நர்ஸ் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். முத்திரைக்காரர் பத்தே முக்காலுக்கு வந்தார். பதினொரு மணி விமானம் கல்லக்கா இல்லாமல் பறந்தது.

மாலை விமானத்துக்கு டிக்கெட்டை மாற்றிக்கொடுக்க அவர்கள் தயங்கினார்கள். கல்லக்கா புகாரின் இரண்டாம் பக்கத்தை எழுதப் பேனாவைத் திறந்தார். மாற்றிக்கொடுத்தார்கள். அதுவரை ஒரு தூணோரம் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தார். கால் வலித்தது, பசித்தது, பயமும் இல்லாமல் இல்லை. தெரிந்தவர் ஒருவரும் இல்லாத இடத்தில் விமானத்தை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறோமே என்று நினைத்ததாகப் பின்னால் அவரே சொன்னார். தங்கைக்குப் போன் போட்டார்.

"அக்கா, உனக்குப் பைத்தியமா? உன் பெட்டியை விடறேன்னு சொன்னாங்க இல்ல?"

"சொன்னாங்க."

"அப்புறம் உனக்கென்ன?"

"அந்தப் பொண்ணு எல்லார் முன்னாடியும் தரையில உட்கார்ந்து, துண்டைப் போட்டு மூடிக்கிட்டு, புத்தகத்தை எடுத்து வெளிய வைக்குது. தப்பு மெஷின் பண்ணுது, தலைகுனியறது அவ. அதைப் பார்த்துட்டு நான் எப்படி ஏறி உட்கார்றது?"

தங்கை, "ஏதாவது சாப்பிட்டியா?" என்றாள்.

மூன்று மாதம் தங்கையோடு இருந்தார். தங்கை மகன் கடைத் தராசை முதல் வாரமே சரிசெய்தார். ஆறு பேரில் இரண்டு பேருக்கு மட்டும் பணம் திரும்ப வந்தது. புகாருக்குப் பதிலாக, 'ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம், தராசுகள் பிழை வரம்புக்குள்தான் இருந்தன' என்று ஒரு கடிதம் வந்தது. எந்த வரம்பு என்று கேட்டு இரண்டாவது எழுதினார். மூன்றாவதற்கு ஒரு போன் வந்தது. நாலாவதற்கு, புகாரைத் திரும்பப் பெற்றுக்கொண்டால் எங்கு வேண்டுமானாலும் போய்வர இலவச டிக்கெட் ஒன்று தருகிறோம் என்றார்கள்.

"வாங்கிக்கயேன். நானும் ஒரு தடவை பறந்து பார்க்கறேன்" என்றார் கணவர்.

"உங்களை நான் காசு போட்டுக் கூட்டிட்டுப் போறேன். அந்த டிக்கெட் இனாம் இல்ல, என் வாயை மூடற காசு."

ஐந்தாவது கடிதத்தில் ஒரே ஒரு கேள்விதான் எழுதியிருக்கிறார்: கெடு முடிந்த பதினான்கு மாதத்தில் ஏழாம் தராசிலும் எட்டாம் தராசிலும் எத்தனை பெட்டிகள் ஏறின? அந்தக் கம்பெனிக்கு எண் தெரியாமல் இருக்காது என்கிறார். பதில் இன்னும் வரவில்லை. ஆறாவது கடிதத்துக்கு உறையில் விலாசம் எழுதித் தபால்தலையும் ஒட்டியாகிவிட்டது.